பாலைப்பழ மஞ்சளில் ஒரு சுவெட்டர்

சித்திரை மாதத்து மத்தியானத்தில், மல்லாவியில் நாய்கூட நிழலை விட்டு எழும்பாத நேரத்தில், என் மனைவி சிவலட்சுமி கம்பளி நூல் பின்னுவாள். கிணற்றடி வேப்பமரத்தின் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரை. கால் இரண்டும் தண்ணீர் நிறைந்த பேசினுக்குள். கழுத்தில் ஈரத் துவாய். கோழிக்குஞ்சு இழுத்துக்கொண்டு ஓடாமல் நூலுருண்டையை ஒரு பழைய சருவச்சட்டிக்குள் போட்டிருப்பாள். வியர்வைக்கு நூல் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் அடிக்கடி கைகளுக்குப் பவுடர் பூசிக்கொள்வாள். இந்த வெயிலில் கம்பளி பின்னுகிற இன்னொரு சீவனை வன்னியில் காட்டினால் என் சைக்கிள் திருத்தும் கடையையே எழுதித் தருகிறேன்.

"உதை ஆர் போடுறது? மாட்டுக்கோ?" என்று கேட்பேன்.

"உங்களுக்குத்தான். வாயையும் சேர்த்து மூடலாம்" என்பாள்.

முப்பத்தாறு வருடமாக இதே கேள்வி, இதே பதில். இருவருக்கும் இன்னும் அலுக்கவில்லை.

அவளை நான் கண்டதே ஒரு சைக்கிள் கம்பியால்தான். எண்பத்தேழில் என்று நினைக்கிறேன். கடை வாசலில் வந்து நின்று, வளையாத சில்லுக்கம்பி இரண்டு வேண்டும் என்றாள். எந்தச் சைக்கிளுக்கு என்று கேட்டேன்.

"சைக்கிளுக்கு இல்ல. சுவெட்டருக்கு."

மூளை பிசகிய பெட்டை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் கம்பிகளின் நுனியை அரத்தால் ராவி, மண்தாள் போட்டுத் தேய்த்து, கையில் குத்தாமல் ஆக்கிக் கொடுத்தேன். அடுத்த வாரம் இன்னும் இரண்டு கேட்டு வந்தாள். அதற்கடுத்த வாரம் அவள் வருவதற்கு முன்பே நான் ராவி வைத்திருந்தேன். மலைநாட்டுப் பெட்டையைக் கட்டிவிட்டான் என்று என் வீட்டில் ஒரு வருடம் யாரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதை இப்போது கிளறி என்ன? அம்மா கடைசிக் காலத்தில் அவள் கையால் கஞ்சி குடித்துத்தான் போய்ச் சேர்ந்தா.

சிவலட்சுமி பிறந்தது நுவரெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு அவளுடைய அப்பா குடும்பத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு வன்னிக்கு வந்தார். அவளுக்கு எட்டு வயது. அக்கா சுப்பம்மாவுக்குப் பதினாறு. கல்யாணமாகி மூன்று மாதம். அதனால் அக்கா தோட்டத்திலேயே நின்றுவிட்டா. லொறி புறப்படுகிற விடியற்காலை நல்ல குளிர். அக்கா தான் போட்டிருந்த சுவெட்டரைக் கழற்றித் தங்கைக்குப் போட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டு, "நான் வந்து கழட்டுற வரைக்கும் போட்டுக்க" என்று சொன்னாவாம். அழுகிற பிள்ளையைச் சமாளிக்கச் சொன்ன பேச்சு. ஆனால் பிள்ளை அதை அப்படியே நம்பிவிட்டது. வன்னி வெயிலில் உடம்பெல்லாம் வியர்க்குரு போட்டும் அவள் சுவெட்டரைக் கழற்ற விடவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தபோது இரண்டு பேர் பிடித்து வைத்துத்தான் உரித்தெடுத்தார்கள்.

அக்கா வரவில்லை. இந்தக் கதையை எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் "அக்கா வரவே இல்ல" என்கிற இடத்தில் கம்பியைக் கீழே வைப்பாள்.

அந்தச் சுவெட்டரைப் பிரித்த நூலில்தான் அவள் பின்னப் பழகியது. மலையில் பெண்கள் பின்னுவதைப் பார்த்த ஞாபகத்தில், பிழைவிட்டுப் பிழைவிட்டுத் தானாகவே பழகினாள். சண்டைக் காலத்தில் ஊர் ஊராக ஓடியபோதும் அந்தச் சில்லுக்கம்பிகள் அவளுடைய கொண்டைக்குள் வந்தன. கடைசியில் வவுனியா முகாமில், தறப்பாள் கொட்டிலுக்குள் நாங்கள் அவிந்துகொண்டிருந்தபோது, யாரோ புண்ணியவான்கள் பெட்டி பெட்டியாகச் சுவெட்டர் அனுப்பியிருந்தார்கள். முகாமே சிரித்தது. நான் ஒன்றைத் தலையணை ஆக்கினேன். சிவலட்சுமி மட்டும் வரிசை வரிசையாகப் போய், மற்றவர்கள் வேண்டாம் என்றதையெல்லாம் வாங்கி வந்து பிரித்து உருண்டையாக்கினாள். எல்லாம் இழந்து நின்ற அந்த நேரத்தில் அவளிடம் மட்டும் ஒன்பது நிறத்தில் நூல் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமை.

ஊருக்குத் திரும்பிய பிறகு பொழுதுபோக்காக எதைக் கண்டாலும் பின்னினாள். அதற்கென்று ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி வைத்திருக்கிறாள். தென்னோலைக் கிடுகுப் பின்னலைப் பார்த்து வரைந்த ஒரு பக்கம். மணலில் குழியானைப் பூச்சி தோண்டிய குழிகளைப் பார்த்து ஒரு பக்கம். ஆவணியில் வவுனிக்குளம் வற்றி அடிமண் வெடித்துக் கிடந்ததைப் பார்த்துவந்து வரைந்தது இரண்டு பக்கம். இப்படி எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் போத்தலுக்குச் சட்டை, றேடியோவுக்குச் சட்டை, என் சைக்கிள் சீற்றுக்கும் சட்டை. மனிதர் போடுகிற மாதிரி அவள் எதையும் பின்னி முடித்ததில்லை. இங்கே யார் போடுவார்கள்?

அப்படியிருக்க, போன வருடம் சித்திரையில் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"சிவா, நெஞ்சுச் சளி ஒரு மாதிரி இழுக்குதுடி. டாக்டரு உடம்பச் சூடா வச்சிக்கச் சொல்றாரு. நீதான் என்னென்னமோ பின்னுறியே, எனக்கு ஒரு சுவெட்டர் பின்னித் தாயேன்."

போனை வைத்துவிட்டுச் சிவலட்சுமி குசினிக்குள் போய் அழுதாள். அந்த நாற்பத்தேழு வருடத்தில் அக்கா அவளிடம் கேட்ட முதல் பொருள் அதுதான். சண்டை இல்லாத காலங்களில் நாங்கள் இரண்டு தடவை அங்கே போயிருக்கிறோம். இரண்டும் சித்திரை விடுமுறை, நல்ல வெயில் நாட்கள். அக்கா இங்கே ஒருமுறையும் வந்ததில்லை. வன்னி என்றாலே பாம்பும் யானையும் என்று சொல்லித் தட்டிக் கழித்துவிடுவா.

"இஞ்சேருங்கோ, இது சும்மா சுவெட்டர் இல்லை. அக்காட சுவெட்டரை நான் திருப்பிக் குடுக்கிறன்" என்றாள். அன்றைக்கு நான் பகிடி விடவில்லை.

வவுனியாவுக்குப் போய்ப் பாலைப்பழ மஞ்சளில் நூல் வாங்கினோம். என்ன கோலம் போடுவது என்று ஒரு கிழமை யோசித்தாள். ஒருநாள் காலை பாயில் படுத்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் எழும்பிக் கொப்பியை எடுத்தாள். எங்கள் வீட்டுச் சுவரின் மேல்பக்கம், காற்று வருவதற்காகப் பூப்போலத் துளை விட்ட சீமெந்துக் கற்கள் இருக்கின்றன. நாலு இதழ், நடுவில் ஒரு வட்டம். காலை வெயில் அதனூடாக வந்து தரையில் பூவாக விழும். வீட்டுத்திட்டத்தில் இந்த வீட்டைக் கட்டியபோது அவள் அடம்பிடித்து வைப்பித்த கற்கள்.

"அக்கா இந்த வீட்டைப் பாக்கேல்லை. போட்டுப் பாக்கட்டும்" என்றாள்.

நான்கு மாதம் பின்னினாள். கம்பியில் நூலை ஒரு சுற்றுப் போட்டு, அடுத்த இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்ன, அந்த இடத்தில் ஒரு துளை விழும். துளைகள் சேர்ந்து இதழாகும். வைகாசியில் சோளகக் காற்று அனலாக வீசத் தொடங்கியது, பேசின் தண்ணீர் கஞ்சி மாதிரிச் சுட்டது, அவள் நிறுத்தவில்லை. முடிந்ததும் என் நெஞ்சில் வைத்துப் பிடித்து, எப்படி என்று கேட்டாள். நான் சோளகத்துக்கு நேரே திரும்பி நின்று பார்த்தேன்.

"அருமை. உள்ளால நல்லாக் காத்து வருது" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துபோனது. எங்கள் ஊரில் ஒரு உடுப்புக்கு இதைவிட வேறு புகழ்ச்சி கிடையாது. இரண்டு முட்டாள்களுக்கும் அந்த நிமிடத்தில் ஒன்றும் உறைக்கவில்லை.

ஆவணியில் கொண்டுபோனோம். நுவரெலியாவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழையும் பனிப்புகாரும் காற்றும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. எனக்குப் பல் அடித்தது. சிவலட்சுமி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் அக்கா அதை உடனே போட்டு, ஐந்து பொத்தானையும் பூட்டி, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்க் காட்டிவிட்டு வந்தா. "எங்க தங்கச்சி பின்னுனது" என்று அவ சொல்வது மூன்று வீடு தள்ளியும் கேட்டது.

மறுநாள் விடிய, அடுப்படியில் அக்கா தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தா. குளிரைத் தாங்காமல் நாங்கள் இருவரும் அடுப்போரம் போய்க் குந்தினோம். அக்கா மஞ்சள் சுவெட்டரைக் கழற்றவில்லை. ஆனால் அடுப்பு வெளிச்சத்தில், ஒவ்வொரு பூத்துளைக்குள்ளாலும் ஊத்தைக் கபில நிறம் தெரிந்தது. உள்ளே தன்னுடைய பழைய கிழிசல் சுவெட்டரைப் போட்டு, அதன் மேல் இதைப் போட்டிருக்கிறா. அப்படியும் இருமிக்கொண்டிருந்தா.

சிவலட்சுமி எட்டி ஒரு துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"அக்கா, இதுக்குள்ள காத்து போகுதா?"

"இல்லடி, நல்லா இருக்கு."

"பொய் சொல்லாதக்கா." அவள் விரலை எடுக்கவில்லை. "எனக்குக் குளிரே மறந்து போச்சுக்கா. நான் இந்த ஊருன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறேன். இந்தக் குளிரே எனக்கு ஞாபகம் இல்ல."

வெயிலைத் திட்டும்போதெல்லாம் "எங்கட ஊரில" என்று தொடங்குகிறவள் அவள். அந்த ஊரே அடுப்படியில் வைத்து அவளைக் கைவிட்டது போல இருந்தது. உள்ளால நல்லாக் காத்து வருது என்று சொன்ன வாய் என்னுடைய இந்த வாய்தானே.

அக்கா தேத்தண்ணீர்க் கேத்தலை இறக்கி வைத்தா. பிறகு இருமலும் சிரிப்புமாக, "அன்னைக்கு நான் வெயிலுக்குக் கம்பளி போட்டு அனுப்புனேன். நீ குளிருக்கு ஓட்டை போட்டுக் கொண்டாந்திருக்க. சரியாப் போச்சு, விடு" என்றா. தங்கையின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, "இது இந்த ஊரு சுவெட்டர் இல்லடி. உன் ஊரு சுவெட்டர். அங்க வந்து போட்டுக்கிறேன்" என்றா.

ஊருக்கு வந்ததும் சிவலட்சுமி ஒரு துளைகூட இல்லாமல், தடித்த கபில நூலில், ஒரு மாதத்தில் இன்னொன்று பின்னி அனுப்பினாள். அதைப் போட்ட பிறகு இருமல் குறைந்ததாக அக்காவின் மகன் ராசு போனில் சொன்னான். ஊருக்கு வருவதாக அக்கா சொன்னதை நாங்கள் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. முன்பும் ஒருமுறை வருவதாகச் சொன்னவதானே.

தைப்பொங்கல் முடிந்து நாலாம் நாள், ஒரு மணி வெயிலில், மல்லாவிச் சந்தியில் ராசு கையைப் பிடிக்க அக்கா பஸ்ஸை விட்டு இறங்கினா. மஞ்சள் சுவெட்டர், ஐந்து பொத்தானும் பூட்டியபடி. முகத்தால் வியர்வை ஓடியது.

"கழட்டுக்கா, வேர்க்குது" என்று சிவலட்சுமி பதறினாள்.

"இரு, மொதல்ல வீட்டக் காட்டு."

வீட்டுக்குள் வந்து சுவரை அண்ணாந்து பார்த்தா. கல்லைப் பார்த்தா, குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தா, மறுபடியும் கல்லைப் பார்த்தா. பிறகு கதிரையில் இருந்து, தங்கையைக் கிட்டக் கூப்பிட்டா.

"நான் வந்து கழட்டுறேன்னு சொல்லிட்டு வராம இருந்துட்டேன். இப்ப வந்துட்டேன். இத நீ கழட்டிவிடு."

ஐம்பத்தைந்து வயது சிவலட்சுமி அக்காவின் முன்னால் முழந்தாளிட்டு முதல் பொத்தானைப் பிடித்தாள். ஐந்தே ஐந்து பொத்தான். அவளுக்கு வெகுநேரம் எடுத்தது. நான் தேசிக்காய்த் தண்ணீர் கரைக்கக் குசினிக்குள் போய்விட்டேன்.