துணைக்கால் தெரியாத வாரங்கள்

முதலில் மருத்துவரின் கையெழுத்தைத்தான் சந்தேகப்பட்டேன்.

கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி இருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்போது நான் மருந்தாளுநர். அன்று திங்கட்கிழமை. காய்ச்சலோடு வந்த ஒருவர் சன்னல் வழியாகச் சீட்டை நீட்டினார். எத்தனையோ மருத்துவர்களின் கிறுக்கலைப் படித்துப் பழகிய எனக்கு, அதில் ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை. அலமாரியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதிலிருந்த அச்செழுத்தும் புரியவில்லை.

கண் மங்கவில்லை. ஒவ்வொரு கோடும் வளைவும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அவை எழுத்தாகச் சேரவில்லை. தெரியாத நாட்டுக் கடைத்தெருவில் நிற்பதுபோல இருந்தது.

காய்ச்சல் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று கைக்குத் தெரியும். கை அங்கே போகவும் செய்தது. எடுக்காமல் நிறுத்திக்கொண்டேன்.

"இன்னாம்மா, மாத்திர இல்லியா?" என்றார் அவர்.

"இருக்குதுங்க. செத்த நேரம் உக்காருங்க. டாக்டர பாத்துட்டு வந்துடறேன்."

எங்கள் மருத்துவர் வயதில் சின்னவர். என்னைச் சிரிக்கச் சொன்னார், இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னார். எல்லாம் சரியாகவே இருந்தது. ஒரு தாளைக் கொடுத்து ஏதாவது எழுதச் சொன்னார். 'மலையில் இன்று மழை இல்லை' என்று எழுதினேன்.

"தப்பே இல்லக்கா. இப்ப இத படிங்க."

எழுதியது நினைவில் இருந்ததால் சொல்லிவிட்டேன். அவர் நடுவிலிருந்த ஒரு சொல்லை மட்டும் விட்டு மற்றவற்றைக் கையால் மூடினார். "இது என்ன வார்த்தை?"

நானே எழுதிய சொல். என்னால் படிக்க முடியவில்லை. அவர் முகம் மாறியது. ஆம்புலன்ஸை வரச்சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டு, அந்தப் பகுதி செயலிழத்தல்) என்றார்கள். கை, கால், வாய் எதுவும் இழுத்துக்கொள்ளாமலும் பக்கவாதம் வரும் என்பது, அத்தனை நோயாளிகளைப் பார்த்த எனக்கே அன்றுதான் உறைத்தது. நேரத்தோடு வந்துவிட்டதால் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். ஆனாலும் இடப்பக்க மூளையின் பின்பகுதியில் ஓர் இடம் கெட்டுப்போயிருந்தது.

என் கணவர் கச்சிராயபாளையத்தில் கரும்புக் கொல்லையிலிருந்து அப்படியே வந்திருந்தார். வேட்டி முழுக்கச் சேறு. நரம்பியல் மருத்துவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கண்ணாடிய மாத்துனா சரியாப் பூடுங்களா?" என்றார்.

"கண்ணுல கோளாறு இல்லைங்க. கண்ணு பாக்குறத எழுத்துன்னு மூளைக்குச் சொல்ற வழிதான் அடைஞ்சிருக்கு" என்றார் மருத்துவர்.

அதன் பெயர் அலெக்ஸியா (படிக்கும் திறன் மட்டும் போய்விடுவது; எழுதும் திறன் அப்படியே இருக்கும்). இதோடு இரண்டு கண்களிலும் பார்வையின் வலப்பாதி மறைந்திருந்தது. அடைப்புக்குக் காரணம் இதயம் தாளம் தப்பித் துடித்தது. அதற்கான மாத்திரையை இன்றும் சாப்பிடுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ திடீரென்று எழுத்து புரியாமல் போனால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். உடனே போங்கள்.

நான் படிக்கிறவள். இதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. மலைக்கு ஏறும் பேருந்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கரும்புக்குத் தண்ணீர் பாயும்போது வரப்பில், எங்கேயும் படிப்பேன். பல ஆண்டுகளாக ஞாயிறுதோறும் ஒரு வலைப்பூவில், அந்த வாரம் என்ன படித்தேன், எதைப் பாதியில் வைத்தேன் என்று எழுதிவந்தேன். என்னைப்போலவே எழுதும் சிலர் ஆங்காங்கே இருந்தார்கள். ஞாயிறு மாலை ஒருவர் எழுதியதை ஒருவர் படித்து, கீழே கருத்து எழுதுவோம். யாரும் யாரையும் பார்த்ததில்லை.

அவர்களில் ஹமீதா எனக்கு நெருக்கம். நாகப்பட்டினத்துப் பெண், என்னைவிட இளையவள். அவளுடைய நடை தண்ணீர் போல ஓடும். நான் ஒரு வரி எழுதினால் பத்து வரி பதில் வரும். அவளிடம் எனக்கு ஒரே ஒரு குறை. எத்தனை முறை அழைத்தாலும் போனை எடுக்க மாட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு தாளில் பேனாவால் எழுதினேன். 'இந்த வாரம் எதுவும் படிக்கவில்லை. இனிப் படிப்பேனா தெரியாது. இதை எழுத முடிகிறது, ஆனால் எழுதியதைப் படிக்க முடியவில்லை.' எங்கே தொட வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, என் கணவர் அதைப் படம் பிடித்து வலைப்பூவில் ஏற்றினார். அதுவரை அந்தப் பக்கத்தை அவர் திறந்து பார்த்ததே இல்லை.

மாலையில் கருத்துகள் வந்தன. அவர்தான் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னார். தென்காசியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், எல்லோர் பதிவிலும் பிழை பார்க்கிறவர், இப்படி எழுதியிருந்தார்: 'ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லாமல் எழுதிவிட்டு, படிக்க வரவில்லை என்றால் எப்படியம்மா நம்புவது?'

"இன்னா இந்த ஆளு, திட்டறாரா பாராட்டறாரா?" என்றார் என் கணவர். நோய் வந்தபின் அன்றுதான் சிரித்தேன்.

ஹமீதா நீளமாக எழுதியிருந்தாள். அதைப் படிக்க அவர் மிகவும் சிரமப்பட்டார். கமா இருக்கும் இடத்தில் ஓடுவார், நடுச்சொல்லில் நிற்பார். அவள் குரலே அதில் இல்லை. அடுத்த நாளும் எழுதினாள், அதற்கு அடுத்த நாளும். திரையில் அவள் செய்திகள் கறுப்புக் கோடுகளாகச் சேர்ந்துகொண்டே போயின. எனக்குக் கோபம் வந்தது. படிக்க முடியாதவளுக்கு எழுத்தாக அனுப்பிக்கொண்டே இருக்கிறாளே, ஒரு தடவை பேசினால் என்ன?

"இனிமே எழுதி அனுப்பாத, பேசறதுன்னா பேசு, இல்லன்னா வுட்டுடுன்னு அனுப்புங்க" என்றேன்.

"அந்தப் பொண்ணு மனசு கஷ்டப்படும், கௌரி."

"அனுப்புங்க."

அனுப்பினார். செய்திகள் நின்றுபோயின. பல நாள் ஒன்றும் வரவில்லை.

ஒரு மாலை அவர் கொல்லையிலிருந்து வந்ததும் போனை என்னிடம் நீட்டினார். "நாகப்பட்டினத்துப் பொண்ணு பேசி அனுப்பிக்கீது. டவர் கம்மி போல, வுட்டு வுட்டு வருது."

நான் கேட்டேன். டவரில் கோளாறு இல்லை.

"அ... அ... அக்கா. நா... நான் ஹமீதா." அந்தப் பெயரைத் தாண்டியதும் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. "சின்னப் பிள்ளைலேர்ந்தே எனக்குத் தி... திக்கும்க்கா. அதான் போன் எடுக்கிறதில்ல. நீங்க எழுதாதன்னுட்டீங்க. இந்த மா... மாசம் சேந்து படிக்கலாம்னு வச்சிருந்த நாவல்ல ஒரு பக்கம் வாசிச்சிருக்கேன். கே... கேளுங்க."

பிறகு வாசித்தாள். 'க'வில் தொடங்கும் சொல் வந்தால் நின்றாள். விட்டுவிட்டு வேறு சொல் போட்டுத் தப்பிக்கவில்லை. புத்தகத்தில் இருந்ததையே சொல்ல வேண்டும் என்று திரும்பத் திரும்ப முட்டி, சொல்லை வெளியே கொண்டுவந்தாள். எழுத்தில் தண்ணீராக ஓடியவள், ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் களைத்துப்போனாள்.

என் கணவர் தோளில் துண்டோடு, உட்காராமல் நின்று கேட்டார். "இம்மாம் செரமப்பட்டு..." என்றார்.

மன்னிப்புக் கேட்க நினைத்தேன். கேட்டால் அவள் அதற்குப் பதில் பேச வேண்டியிருக்கும் என்று தோன்றியது. அதனால் குரலில் இதை மட்டும் அனுப்பினேன்: "ஹமீதா, அடுத்த பக்கம் எப்ப அனுப்புவ?"

மறுநாளே வந்தது.

இதற்கிடையில் புதுச்சேரியில் ஒரு மொழிப் பயிற்சியாளரிடம் (பேச்சும் படிப்பும் இழந்தவர்களுக்கு அவற்றை மீட்டுத் தருபவர்) போகத் தொடங்கியிருந்தேன். "கண்ணால படிக்க முயற்சி பண்ணாதீங்கம்மா. விரலால எழுதிப் பாருங்க" என்றார் அவர். எழுதும் திறன் பிழைத்திருந்ததல்லவா? எழுத்தின் மேல் விரலை ஓட்டினால், அது என்ன என்று கை மூளைக்குச் சொல்லும். இரண்டு சுழி வந்தால் 'ன', மூன்று சுழி வந்தால் 'ண'. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி மேசைமேல் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

தமிழில் எனக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. வலப்பக்கம் தெரியாததால் துணைக்கால் கண்ணுக்குத் தட்டுப்படாது. 'பால்' எனக்குப் 'பல்'. 'கொடு' எனக்குக் 'கெடு'. ஒவ்வொரு எழுத்து முடிந்ததும் தலையை வலப்பக்கம் திருப்பி, அங்கே கால் ஒன்று நிற்கிறதா என்று பார்க்கப் பழக வேண்டியிருந்தது.

பிறகு பயிற்சியாளர், ஒரே பத்தியை ஒருவர் வாசிக்க, அதை விரலால் தொடர்ந்து மறுபடி மறுபடி படிக்கச் சொன்னார். ஒலிப்புத்தகங்களைப் போட்டுப் பார்த்தேன். என் விரல் முதல் சொல்லில் இருக்கும்போது குரல் மூன்றாவது வரிக்குப் போய்விடும். அப்போதுதான் ஹமீதாவின் குரல்பதிவைப் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தேன். அவள் நிற்கும் இடங்களில் எனக்கு நேரம் கிடைத்தது.

பயிற்சியாளரிடம் அதைப் போட்டுக் காட்டினேன். "இதவிடப் பொருத்தமா யாரும் வாசிச்சுத் தர முடியாது. அவங்கள நிறுத்த வேணாம்னு சொல்லுங்க" என்றார்.

ஒரு நாள் குரல்பதிவில் அவள் "க... க..." என்று ஒரு சொல்லில் நின்றுகொண்டிருந்தாள். என் விரல் இரட்டைக்கொம்பில் ஏறி, 'க'வைச் சுற்றி இறங்கியது. தலையைத் திருப்பினேன். கால் இருந்தது. அடுத்து இணைக்கொம்பு, 'ட'.

"கோடை!" என்று கத்திவிட்டேன்.

"கோடை" என்றாள் ஹமீதா, போனுக்குள்ளிருந்து.

"யார்கிட்ட பேசிக்கினு கீற?" என்று வாசலிலிருந்து கேட்டார் என் கணவர். நான் அந்தச் சொல்லின் மேல் மறுபடி விரலை ஓட்டினேன்.

அதற்குப் பிறகு எல்லாம் ஏறுமுகம் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. மாதக்கணக்கில் ஓர் அங்குலம்கூட நகராமல் இருந்திருக்கிறேன். அரைப்பக்கம் படித்தால் தலை கல்லாகக் கனக்கும். காலையில் தெரிந்த எழுத்து மாலையில் தெரியாது. இந்த வழியில் இருக்கும் உங்களுக்கும் அப்படி ஆகலாம். அன்று படுத்துத் தூங்கிவிடுங்கள். போன எழுத்து சில நேரம் தானே திரும்பி வரும்.

விடுப்பு முடிந்து மலைக்குப் போனபோது, எனக்கு நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். பெயர் ஒரே மாதிரி தொடங்கி முடிவில் மட்டும் மாறும் இரண்டு மாத்திரை அட்டைகளை எதிரில் வைக்கச் சொல்லி நர்ஸிடம் கேட்டேன். விரலை ஓட்டி, தலையைத் திருப்பி, அவர் பெயர் சொன்ன மாத்திரை இதுதான் என்று உறுதியாக ஒன்றை எடுத்தேன். அவர் மற்ற அட்டையை எடுத்துக் காட்டினார். நான் எடுத்தது தவறு.

"அவசரப்படாதீங்கக்கா. இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்" என்றார் மருத்துவர்.

"என்னை நம்பி வாங்கிக்கினு போறாங்க டாக்டர். வேணாம்."

மருந்து கொடுக்கும் வேலை வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதத்தையும் என்னால் முழுதாகப் படித்துப் பார்க்க முடியவில்லை. இப்போது அதே நிலையத்தின் கூடத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு எந்த மாத்திரையை எப்போது, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று வாயால் விளக்குகிறேன். சன்னலுக்குப் பின்னால் வேறொருவர் நிற்கிறார். அந்தப் பக்கம் பார்க்கும்போது இன்னும் வலிக்கிறது.

ஹமீதா இப்போது போனை எடுக்கிறாள். என் அழைப்பை மட்டும்தான். எங்கள் பேச்சு நீண்ட நேரம் போகும், சொற்கள் கொஞ்சமாகவே இருக்கும்.

உடம்பும் மாறிவிட்டது. வலப்பக்கத்திலிருந்து வரும் ஆள், மாடு, பேருந்து எல்லாம் எனக்குத் திடீரென்றுதான் முளைக்கும். தெருவில் அடிக்கடி தலையைத் திருப்புவதால், யாரையோ தேடுகிறேன் என்று நினைத்துச் சிலர் நின்று விசாரிக்கிறார்கள். ஞாயிறுதோறும் மறுபடி எழுதுகிறேன். முன்பு ஒரு வாரத்தில் இரண்டு புத்தகம் முடிப்பேன். போன வாரம் நான்கு பக்கம்.

அந்த நான்காம் பக்கத்தில், கணவனோடு கோபித்துக்கொண்டு உள்ளே இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய வரி வந்தது. வெளியே அவன் நின்று கூப்பிடுகிறான். 'அவள் எழுந்து வந்து கதவைத் திறக்க' என்பது வரை விரல் போனது. வரி அங்கே முடிந்து, சொல் அடுத்த வரிக்கு உடைந்திருந்தது. தலை கனத்தது. புத்தகத்தை மூடிவிட்டேன்.

சோறு வடித்தேன். என் கணவரோடு கொல்லைக்குப் போய், கரும்புக்குத் தண்ணீர் மாற்றும்வரை வரப்பில் நின்றேன். அந்தக் கதவு எனக்குள் திறந்தே இருந்தது. அவன் உள்ளே வந்தான். அவள் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பகல் முழுக்க அவர்கள் சமாதானமாக இருந்தார்கள்.

மாலையில் வந்து அடுத்த வரியில் விரலை வைத்தேன். 'வில்லை' என்று இருந்தது.