கழுத்து வரை புதைந்த தளபதி

2024 டிசம்பர் 15, ஞாயிறு. காலை 5:10க்கு எழுந்தேன். மோட்டார் போட்டு 5:32க்குத் தொட்டி நிரம்பியது. மழைமானியில் நான்கு மில்லிமீட்டர். 7:15க்கு இரண்டு இட்லி, மூன்றாவதை மறுத்தேன். ஞாயிறுதோறும் அடுத்த வேலை சைக்கிளுக்கு எண்ணெய் விடுவது. அதற்குள் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், சலவை வேட்டியும் ரோஜா மாலையுமாகக் காரில் வந்து இறங்கினார்.

மாலை அவருடைய முப்பாட்டனுக்கு. கல்லல் பக்கம் அவர்கள் ஊர்க் கண்மாயின் நடுவே ஒரு திட்டு. அதன்மேல் பாளையக்காரர் காலத்துக் கோட்டை. உள்ளே ஒரு கல் கழுத்து வரை மண்ணில் புதைந்து நிற்கும். கொண்டை போட்ட தலையும் ஓங்கிய வாளும்தான் வெளியே தெரியும். அது வெள்ளைக்காரனோடு சண்டையிட்டுச் செத்த தளபதி என்பதில் ஊருக்குச் சந்தேகமில்லை. யார் வீட்டுத் தளபதி என்பதில்தான் தகராறு. மச்சான் வீட்டாரும் மேலத்தெரு வீட்டாரும் அவருக்காகத் தலைமுறை தலைமுறையாக மோதிக்கொண்டார்கள். ஒருவரும் ஒரு மண்வெட்டி மண்ணை அள்ளிப் பார்த்ததில்லை.

மச்சான் வீட்டில் சொல்லிவந்த கதைப்படி கல்லின் இடது காலில் ஆறு விரல். மச்சானுக்கும் அப்படித்தான். தைப்பொங்கலில் கோயில் பரிவட்டத்தை முதலில் யாருக்குக் கட்டுவது என்ற பேச்சு இந்த வருடமும் முற்றவே, ஊர்த் தலைவரான அம்பலம் முடிவாகச் சொல்லிவிட்டார்: விரல் ஆறு இருந்தால் மச்சானுக்கு. எண்ணி எழுதித் தர வேண்டியது நான். அளவில் தப்பாதவன் என்று மேலத்தெருவும் ஒப்புக்கொண்டது. மச்சானின் அப்பா அந்தத் துணி தலையில் ஏறாமலே போய்ச் சேர்ந்தவர். மச்சானுக்கும் அறுபது தாண்டிவிட்டது.

தளபதி கோட்டையைக் காத்த கதையை அவர் வழியெல்லாம் சொன்னார். காரில் ஏறும்போது தளபதி காத்தது மூன்று நாள்; கண்மாய்க் கரையில் இறங்கும்போது அது ஒன்பது நாளாகியிருந்தது. இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

லாரி டியூப் இரண்டைச் சேர்த்துப் பலகை கட்டிய தெப்பத்தில் ஒரு மீன்காரர் மச்சான், என் மனைவி, நான் என மூவரையும் ஏற்றிக்கொண்டார். மச்சான் போர்க்களம் போகிறவர் மாதிரி முன்னால் நின்றார். பாதி வழியில் தெப்பம் ஆட, உட்கார்ந்தார். வேட்டி நனைந்தது. 10:05க்குத் திட்டு.

கோட்டை என்றால் இடுப்புயரச் செம்புறாங்கல் சுவர் மூன்று பக்கம். நாலாவது பக்கத்தை யாரோ வீடு கட்ட எடுத்துப்போயிருந்தார்கள். பீரங்கி மேட்டில் நீர்க்காகங்கள் எச்சமிட்டிருந்தன. தளபதியின் வாளில் ஒரு வலை காய்ந்தது. மச்சான் முறைத்தார். வருசக்கணக்காக அங்கேதான் காயப்போடுவதாகவும் இதுவரை தளபதி ஒன்றும் சொன்னதில்லை என்றும் மீன்காரர் அடக்கமாகச் சொன்னார்.

கால் பக்கம் மட்டும் தோண்டினால் போதும் என்றார் மச்சான். முழு உயரம் எடுக்காமல் எழுத மாட்டேன் என்று மேலிருந்தே மண்ணை இறக்கச் சொன்னேன். மார்பு வரை வந்ததும் மீன்காரர் மண்வெட்டியை நிறுத்தி வேறு பக்கம் பார்த்தார். என் மனைவி வாங்கித் தோண்டினாள். வளையல் தெரிந்தது. பிறகு சேலை மடிப்பு, இடுப்பில் ஒரு பிள்ளை. கடைசியில் கால். தண்ணீர் விட்டுக் கழுவி மூன்று தடவை எண்ணினேன். ஆறு.

மச்சான் கையிலிருந்த மாலையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

"வெரல் எத்தனைன்னுதான மாப்ளே கேட்டாக. அத மட்டும் எழுதுங்க."

ஒரு வகையில் சரிதான். கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். நான் யோசிப்பதைப் பார்த்து என் மனைவி செருப்பைக் கழற்றினாள். அவளுக்கும் இடது காலில் ஆறு.

"அப்ப பரிவட்டம் எனக்கில்ல கட்டணும்?"

"கட்டிக்குடுத்த பொண்ணுக்கு எந்த ஊருலத்தா பரிவட்டம் கட்டுறாக?"

"இவ மட்டும் என்ன, கட்டிக்குடுக்காமலா இடுப்புல பிள்ளையோட நிக்கிறா?"

மீன்காரருக்கு இருமல் வந்தது. மனைவி அண்ணன் மடியிலிருந்து மாலையை எடுத்துக் கல்லுக்குப் போட்டாள். அவர் தடுக்கவில்லை. திரும்பும்போது கோட்டையைக் காத்த நாட்கள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. என் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, தன் அப்பா கடைசியாகக் கேட்டதும் அந்தப் பரிவட்டத்தைத்தான் என்றார். எனக்குச் சங்கடமாக இருந்தது. அன்றைய டைரியில் கல் பெண் என்ற ஒரு வரியை மட்டும் எழுதாமல் விட்டேன்.

மறுநாள் மார்கழி முதல் தேதி. எழுந்ததும் முதல் வேலையாக ஒரு வெள்ளைத்தாளில், இடது கால் விரல் ஆறு, உயரம் மூன்றடி நாலங்குலம், உருவம் பெண், இடுப்பில் பிள்ளை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அம்பலத்துக்கு அனுப்பச் சொல்லி மனைவியிடம் கொடுத்தேன். அவள் கோலமாவுக் கையோடு போனில் படம் எடுத்து, முதலில் அண்ணனுக்கு அனுப்பினாள்.