பங்கில் வந்த லேண்ட்ரோவர்

கிள்ளான் கிட்டங்கியில் பாகம் பிரித்த அன்று யார் யார் சிரித்தார்கள் என்பதை மெய்யம்மை ஆச்சி மறக்கவே இல்லை. செட்டியார்கள் பெட்டியடி போட்டுத் தொழில் பார்க்கும் அந்த நீளக் கூடத்தில், சுவரோரம் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு நடுவில் இருந்தவர்கள். கடைசியாகப் பெரியவர் நாச்சியப்ப செட்டியார், வாயைத் துண்டால் மூடிக்கொண்டு.

அது 1974. கணவர் சேவுகன் செட்டியார் இறந்து வருஷம்கூடத் திரும்பவில்லை. சுங்கை பூலோவுக்கு உள்ளே இருந்த ரப்பர்ப் பால்மரத் தோட்டமும் கிள்ளான் கடையும் அவருடைய தம்பி அண்ணாமலைக்குப் போயின. பிள்ளையில்லாத ஆச்சிக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீடு என்று பேசி முடித்தார்கள். அவளும் தலையாட்டிவிட்டாள். அத்தோடு எழுந்திருக்கலாம். அண்ணாமலைதான் விடவில்லை. வெற்றிலைத் தட்டில் ஒரு துருப்பிடித்த சாவியை வைத்து அவள் பக்கம் தள்ளினான்.

“அண்ணமிண்டிக்கு அண்ணனோட லேண்ட்ரோவர். உங்களைத் தொட்டதைவிட அதைத்தானே அவுக ரொம்பத் தொட்டாக!”

அண்ணன் மனைவியை அண்ணமிண்டி என்று கூப்பிடுவது அவர்கள் வழக்கம். மரியாதைச் சொல்லை முன்னால் வைத்துக்கொண்டு அவன் பேசிய பேச்சு இது. கூடம் சிரித்து ஓய்ந்ததும் நாச்சியப்ப செட்டியார் தொண்டையைச் செருமினார்.

“சரி, சரி. தட்டுல வச்சதை எடுத்துக்கிட்டா, வச்சவன் திரும்பக் கேக்கப்படாது. வழக்கம் அது.”

மெய்யம்மை சாவியை எடுத்துக்கொண்டாள். இதே ஆட்கள் இதே இடத்தில் இவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பது மட்டும் அப்போதே அவள் மனதில் உட்கார்ந்துவிட்டது.

வண்டி ஒரு லோரியில் வந்து பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் பின்சந்தில் இறங்கியது. நான்கு டயரும் சப்பை. பின் இருக்கையில் கோழி முட்டையிட்டிருந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த இராஜம்மா சத்தம் கேட்டு வந்து பார்த்தாள். வாய் ஓயாதவள், ஆனால் ஆச்சிமேல் உயிர்.

“ஆச்சி, இது வண்டி இல்லலா, கோழிக் கூண்டு. பழைய இரும்புக்காரன்கிட்ட தள்ளிவிடுங்க.”

“ஓடும்.”

“எங்க, மேலோகத்துக்கா?”

சேவுகன் செட்டியாருக்கு அந்த வண்டிமேல் பைத்தியம் என்பது பொய்யில்லை. ஞாயிறுதோறும் அதன் அடியில் படுத்திருப்பார். ஆனால் அந்த ஞாயிறுகளில் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானரை எடுத்துக் கொடுத்தது யார், ஆங்கிலக் கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தமிழில் சொன்னது யார், தோட்டப் பாதையில் ஓட்டிப் பழகி லைசென்ஸ் வாங்கியது யார் என்று அண்ணாமலைக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. ‘உங்களைத் தொட்டதைவிட’ என்று அவன் சொன்னது அதனால்தான் அவளுக்குள் முள்ளாக நின்றது. அவர்கள் இருவரும் சேர்ந்து இருந்த இடத்தையே அவன் கேலிக்கு எடுத்துக்கொண்டான்.

வெள்ளைச் சேலைக்கு மேலே கணவரின் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு அவள் வேலையைத் தொடங்கினாள்.

பெட்ரோல் தொட்டிக்குள் துரு. அதைக் கழற்றி, உள்ளே மண்ணெண்ணெயும் ஒரு முழச் சங்கிலியும் போட்டு மூடி, அவளும் இராஜம்மாவும் சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உருட்டினார்கள். சங்கிலி உள்ளே புரண்டு துருவைச் சுரண்டியது. சந்தே காதைப் பொத்திக்கொண்டது. கார்புரேட்டரைத் துண்டு துண்டாகப் பிரித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். பிரேக்கில் ரப்பர் எல்லாம் அப்பளமாகக் காய்ந்திருந்தது, மாற்றினாள். முதல் தடவை மாற்றும்போது ஒன்றைத் திருப்பிப் போட்டுவிட்டாள். பிரேக் மிதி பாதாளத்துக்குப் போனது. வண்டி இராஜம்மா வீட்டு வாழைக்கன்றைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது. சட்டத்தில் இற்றுப்போன இடத்தை மட்டும் சீனர் பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டாள்.

ஓடும் அளவுக்கு வந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. புகைக்குழாயைக் கூரை உயரத்துக்குத் தூக்கிக் கட்டினாள். அச்சுக்குள் தண்ணீர் போகாமல் மூச்சுத் துளையில் ரப்பர் குழாய் மாட்டி மேலே கொண்டுவந்தாள். சேற்றைக் கடிக்கும் பெரிய பல் டயர் போட்டாள். எஞ்சினுக்குத் தீப்பொறி பிரிக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரில் ஐந்து ஒயர்கள். ஒரு ரப்பர் கையுறையின் ஐந்து விரல் நுனியையும் வெட்டி, விரலுக்கு ஒரு ஒயராக நுழைத்து, மணிக்கட்டுப் பக்கத்தை இறுக்கிக் கட்டினாள். இனி வெள்ளத்தில் இறக்கினாலும் எஞ்சின் அணையாது.

“வண்டிக்குப் பிரசவம் பாக்கப் போறீங்களா ஆச்சி?” என்றாள் இராஜம்மா.

கடைசியாகப் பின் சட்டத்தில் கை டிரில்லால் துளையிட்டு, கட்டைவிரல் பருமனில் ஒரு கொக்கியை முடுக்கினாள்.

“இது யாரை இழுக்க?”

“வருவான்.”

வருவான் என்று அவளுக்கு நிச்சயம் தெரியும். கார்த்திகை இரண்டாம் ஞாயிறு தோட்டத்தில் முனியாண்டிக்குப் படையல். சேவுகன் செட்டியார் இருந்தவரை அவர்தான் நடத்துவார். இந்த வருஷம் அண்ணாமலை முதலாளி. கிட்டங்கிப் பெரியவர்களைத் தன் புது வெள்ளைக் காரில் ஏற்றிப் போய்ப் பெருமை காட்டாமல் இருக்கமாட்டான். தோட்டத்துக்கு வழியில் ஒரு அகல ஓடை. பாலம் கிடையாது. காலையில் கணுக்கால் அளவுதான் இருக்கும். மழை மாதத்தில் மத்தியானத்துக்கு மேல் அது வேறு ஓடை. அதனால்தான் சேவுகன் செட்டியார் பூசை முடிந்ததும் சாப்பிடாமல்கூடக் கிளம்பிவிடுவார். அண்ணாமலை கிளம்பமாட்டான். ஆட்டுக்கறியைக் கண்டால் எழுந்திருக்காத உடம்பு.

அந்த ஞாயிறு அவளும் இராஜம்மாவும் பிளாஸ்கில் காப்பியோடு போய், ஓடைக்கு இந்தப் பக்கம் பால்மரங்களுக்குள் வண்டியை நிறுத்திக்கொண்டார்கள். யாரும் அவளைப் படையலுக்கு அழைக்கவில்லை. மழை கொட்டி ஓய்ந்தது. காப்பி ஆறியது.

வெள்ளைக் கார் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. ஓடையைப் பார்த்தும் நிற்கவில்லை. பாதி ஓடையில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அண்ணாமலை மிதித்தான். சக்கரம் சுழன்று செம்மண் குழம்பை வாரி இறைத்தது.

“பாவம், ஆச்சி. போவோமா?”

“இரு. இன்னும் மிதிக்கட்டும்.”

மிதித்தான். கார் கதவுவரை இறங்கியது. எஞ்சின் இருமிச் செத்தது. அப்போதுதான் மெய்யம்மை வண்டியைக் கிளப்பினாள்.

நேராகப் போய் உதவி செய்துவிடவில்லை. ஓடையில் இறங்கி, காரைக் கடந்து அக்கரை ஏறி, அங்கே நிதானமாகத் திரும்பி, மறுபடி இறங்கினாள். போகும்போது ஒரு அலை, வரும்போது ஒரு அலை. இரண்டும் அண்ணாமலையின் ஜன்னல் வழியே உள்ளே போயின. பிறகு காருக்கு முன்னால், கரையில் பிடிப்புள்ள இடத்தில் நிறுத்தினாள்.

“அண்ணமிண்டி! நல்ல நேரத்துல வந்தீக!” அண்ணாமலை கழுத்தை நீட்டினான். “சட்டுனு இழுத்துவிடுங்க.”

“எதை வச்சுத் தம்பி?”

“உங்க வண்டியை வச்சுத்தான்.”

“அது தட்டுல வச்சுக் கொடுத்ததாச்சே. வச்சவுக கேக்கப்படாதே. என்னண்ணே, வழக்கம் அதுதானே?”

முன் இருக்கையில் முழங்கால்வரை தண்ணீரில் இருந்த நாச்சியப்ப செட்டியார், “வழக்கம் கெடக்கு ஆச்சி, எனக்குக் கால் விறைக்குது” என்றார்.

“நீங்க வாங்கண்ணே. உங்களுக்கு இடம் இருக்கு.”

அவரும் பின்னால் இருந்த மற்ற இரண்டு பெரியவர்களும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து லேண்ட்ரோவரில் ஏறினார்கள். அண்ணாமலையும் இறங்கி வந்தான்.

“நீங்க உங்க கார்ல. இழுபடுற காருக்கு ஸ்டீரிங் பிடிக்க ஆள் வேணும்.” கயிற்றின் ஒரு முனையைத் தன் கொக்கியில் மாட்டிவிட்டு மறுமுனையை அவன்மேல் போட்டாள். “கட்டுங்க. நான் கையைக் காட்டினா பிரேக் போடணும். காட்டாம போடப்படாது, கயிறு அந்துரும்.”

அவன் சேற்றில் முட்டி போட்டு, கயிறு கட்டத் தெரியாதவன் கட்டுவதுபோலச் சுற்றிச் சுற்றி நாலைந்து முடிச்சுப் போட்டான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சரியான முடிச்சு எது என்று சொல்லவில்லை.

தாழ்ந்த கியரில், நான்கு சக்கரமும் கடிக்க, லேண்ட்ரோவர் ஒரு முனகலோடு நகர்ந்தது. கார் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு கரையேறியது. ஆனால் அதன் எஞ்சினுக்கு உயிர் வரவில்லை.

சுங்கை பூலோ டவுனில் ஒர்க்‌ஷாப் இருந்தது. அண்ணாமலை அதைக் கண்டதும் ஹாரனை அழுத்தினான். அவள் கையைக் காட்டவில்லை.

“ஆச்சி, அங்க பாத்தா ஒர்க்‌ஷாப்பு...” என்றார் நாச்சியப்ப செட்டியார்.

“ஞாயித்துக்கிழமைண்ணே. நல்லாப் பாக்கமாட்டாங்க.”

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு ஈர வேட்டியைப் பிழியத் தொடங்கினார். மேரு வழியாகக் கிள்ளான்வரை, சைக்கிள்காரன் முந்திப்போகும் வேகத்தில், அவள் கையைக் காட்டிய இடத்திலெல்லாம் அண்ணாமலை பிரேக் போட்டான். தேவையில்லாத இடத்திலும் சில தடவை காட்டினாள். போட்டான். இராஜம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

கிட்டங்கி வாசலில் ஞாயிறு மாலைக் கூட்டம் சீட்டாடிக்கொண்டிருந்தது. லேண்ட்ரோவர் வந்து நின்றதும் எல்லோரும் எழுந்தார்கள். முதலில் பெரியவர்கள் இறங்கினார்கள். பிறகு கயிற்றின் மறுகோடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள்.

அண்ணாமலை கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்தான்.

“தம்பி,” என்று மெய்யம்மை இருக்கையை விட்டு எழாமலே குரல் கொடுத்தாள். “கயிறு என்னோடது. அவுத்துக் கொடுத்துடுங்க.”

வேறு வழியில்லை. வந்தான். செம்மண் காய்ந்த வேட்டியோடு பம்பர் முன்னால் முட்டி போட்டான். கிள்ளான்வரை இழுபட்ட ஈர முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினான். பல்லால் கடித்தான். அவன் பல்லால் கடித்தபோதுதான் சுவரோரம் இருந்து முதல் சிரிப்பு வந்தது.

“அண்ணாமலை, படையல்ல கறி பத்தலையா?” என்றார் ஒருவர்.

அதற்கப்புறம் கூட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. யாரோ அரிவாள் கொண்டு வருகிறேன் என்று உள்ளே ஓடினார்கள்.

“வெட்டப்படாது,” என்றாள் மெய்யம்மை. “நல்ல கயிறு.”

“போதும் ஆச்சி, விட்டுடுங்க. அந்தாளுக்கு அழுகையே வந்துரும் போல,” என்று இராஜம்மா காதோடு சொன்னாள்.

மெய்யம்மை எஞ்சினை அணைக்கவில்லை. அது அவளுக்குக் கீழே ஒரே சீராக அதிர்ந்துகொண்டிருந்தது. இடது கையை உயர்த்தி பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சற்றுக் கீழே சாய்த்தாள், குனிந்திருந்த அந்தத் தலை நன்றாகத் தெரியும்படி.