பேய்க்குப் பேர் சொன்னவர்

என் அக்கா புருஷன் மாதையனுக்கு இங்கிலீஷில் தெரிந்த சொற்களில் பாதி பேய்களின் பேர்கள்தான். அதற்காக அவரைப் படித்தவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ராசிபுரத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்து எட்டாவதோடு நின்றவர். குரல் மட்டும் நல்ல குரல். அந்தக் குரலுக்காகத்தான் புதுச்சத்திரத்துப் பக்கம் டெண்டுக் கொட்டாய் நடத்திய காளியப்பன், எழுபத்துநாலில் அவரை மைக்குக்கு வைத்துக்கொண்டார். அதே கொட்டாயில் நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன்.

மாட்டு வண்டியில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு பகலெல்லாம் ஊர் ஊராகக் கத்த வேண்டும். வியாழக்கிழமை இங்கிலீஷ் படம் என்பதால் அன்று சாயங்காலம் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதையும் சொல்ல வேண்டும். சேலத்தில் ஓடித் தேய்ந்த படப்பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று முதலாளி எடுத்து வருவார். எல்லாம் பயங்காட்டும் படங்கள். மான்ஸ்டர், கோஸ்ட், டெவில், டிராகன், விட்ச் என்று நோட்டீசில் ஏதாவது ஒன்று ரத்தச் சிவப்பில் இருக்கும். அதை எங்கள் ஜனத்துக்குப் புரிகிற மாதிரி சொல்வது மச்சானின் தலைவலி.

பேய் என்று சொல்லிப் பார்த்தார். படத்தில் வந்தது பனைமர உயரத்துக்கு ஒரு பல்லி. பூதம் என்றார். கோட்டுப் போட்ட ஒல்லி ஆள் ஒருவன் வந்து பெண்களின் கழுத்தைக் கடித்தான். ராட்சசன் என்றார், மூக்கு நீண்ட ஒரு கிழவி வந்தாள். போகிற ஊரிலெல்லாம் வண்டியை மறித்துக் கேலி செய்தார்கள்.

"ஏனுங்க மைக்குக்காரரே, பல்லியப் பாக்கறதுக்கு டிக்கெட்டுங்களா? எங்க ஊட்டுச் சுவத்துல நெறையக் கெடக்குதுங்க!"

மச்சான் சிரித்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்தால், நாள் முழுக்கக் கத்திய தொண்டையில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிடுவார்.

வியாழக்கிழமைக் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இந்த வாரமும் கொட்டாய் காலியாக் கெடந்தா நீ தறிக்கே போயிரு மாதையா. உனக்குப் பதிலா பாட்டு ரெக்கார்டு போட்டுக்கறேன்." அக்கா தெய்வநாயகி அப்போது முழுகாமல் இருந்தாள். அவருக்கோ தறிக் குழிக்குள் மறுபடி இறங்குவதை நினைத்தாலே மூச்சு முட்டும்.

அந்த வார நோட்டீசில் இருந்த சொல் மான்ஸ்டர். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். "மாப்ள, உனக்கு நெசமாலுமே எதக் கண்டா பயம்?"

"முதலாளியக் கண்டாத்தான்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "எனக்கு முனிதான் மாப்ள," என்றார்.

எங்கள் பக்கத்தில் முனி என்றால் சாமி. ஊர் எல்லையில் பெரிய மீசையும் வீச்சரிவாளுமாக உட்கார்ந்திருப்பார். அந்த வழியாகப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். உச்சி வெயிலில் அவர் பேரைச் சொல்லவே யோசிப்பார்கள். மச்சான் அந்தப் பேரைக் குழாயில் சொன்னார். "வியாழக்கிழமை முனி வாராருங்க! நேருக்கு நேரா வாராருங்க!"

கொட்டாய் நிறைந்துவிட்டது. வந்தவர்கள் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். செருப்பையெல்லாம் வெளியே விட்டார்கள். திரைக்கு முன்னால் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தினார்கள். முதலாளிக்கு வாயெல்லாம் பல். ஆனால் படப்பெட்டி அன்று சாயங்காலம்தான் பஸ்ஸில் வந்து இறங்கியது, முடிவு என்னவென்று மச்சானுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

திரையில் ஏரிக்குள்ளிருந்து அது எழுந்து வந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். மச்சானின் குரல் அன்று போல் என்றும் இருந்ததில்லை. "எந்திரிச்சுட்டாருங்க! தப்புப் பண்ணுனவனத் தேடி வாராருங்க!" கடைசி ரீலில் வெள்ளைக்காரர்கள் பந்தத்தோடு அதைத் துரத்தி வைக்கோல் கொட்டகைக்குள் அடைத்துத் தீ வைத்தார்கள். மச்சானின் வாய் நின்றுவிட்டது.

"என்னுங்க பண்றாங்க? சொல்லுங்க!" என்று கூட்டத்தில் கேட்டார்கள்.  பாவாயி என்கிற பெண்ணுக்கு அருள் வந்துவிட்டது. "என்னையக் கொளுத்திப் போட்டீங்களேடா!" என்று மண்ணில் விழுந்து புரண்டாள்.

மறுநாள் காலையில் முனியப்பன் கோயிலில் பூக்கேட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துப் போட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் சாமி பொறுத்துக்கொண்டார் என்று அர்த்தம். வெள்ளைதான் வந்தது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் ஊர்ப் பெரியவர் தங்கசாமிக்கு அது போதவில்லை. "எந்தெந்த ஊருல சொன்னயோ அந்தந்த ஊருல அது முனி இல்லேன்னு சொல்லிப் போடு," என்றார்.

அதே வண்டியில் நானும் போனேன். "அன்னைக்கு வந்தது முனி இல்லீங்க. அதுக்கு நம்மகிட்டப் பேரே இல்லீங்க." ஊர் ஊராக இதையே சொன்னார். யாரும் கேலி செய்யவில்லை, கேலி செய்திருந்தால் தேவலை. வண்டியைக் கண்டதும் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். பிள்ளைகளை மறைக்க வேண்டிய ஆளா அவர்? எனக்கு ஆத்திரமாக வந்தது.

முதலாளி ரெக்கார்டு வாங்கிவிட்டார். மச்சான் பள்ளிபாளையத்தில் விசைத்தறிக்குப் போனார். அந்த இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. அதுவே பழகி, வீட்டிலும் பேச்சுக் குறைந்துவிட்டது. மகள் பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடம் போனாள். அவளுக்கு அப்பாவின் குரல் எப்படியிருக்கும் என்றே சரியாகத் தெரியாது.

எண்பத்தாறில் புதுச்சத்திரத்தில் ஒரு கல்யாணம். மச்சானும் நானும் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். நரைத்துப்போன அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பக்கத்து இலையில் ஒரு பெண் தன் பையனுக்குச் சோறு ஊட்டப் போராடிக்கொண்டிருந்தாள்.

"தின்னுரு சாமி. தின்னலீன்னா மாதையன் வந்துருவான். முனியவே கொளுத்துனவன். புள்ளைகளப் புடிச்சு வண்டீல போட்டுட்டுப் போயிருவான்."

பையன் மிரண்டுபோய் வாயைத் திறந்தான்.  மச்சான் அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் வர மாட்டான் சாமி," என்றார் மெதுவாக. "அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்."

பையன் உடனே வாயை மூடிக்கொண்டான். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க பெரியவரே, இப்பத்தான் நாலு வாய் தின்னான். கெடுத்துப் போட்டீங்களே!"

இவர்தான் மாதையன் என்று கத்திவிடலாம் போலிருந்தது எனக்கு. மச்சான் என் தொடையில் கையை வைத்து அழுத்தினார். பிறகு பையனின் பக்கம் குனிந்து, நான் பல வருஷமாகக் கேட்காத அந்தக் குரலில் சொன்னார்.

"வாரான் சாமி. தெரு முக்குக்கிட்ட வந்துட்டான். வாயத் தொற."

பையன் தின்ன ஆரம்பித்தான்.