கார் ஷெட்டில் பதிந்த எட்டுப் பாட்டு

அவளுக்குப் பல்செட் செய்யும் வேலை. பகலெல்லாம் குனிந்த தலை நிமிராமல் மெழுகில் பற்களைப் பதிப்பாள். நாற்பதைத் தாண்டிய பிறகு அவள் கிடாரைக் கையில் எடுத்துப் பாடத் தொடங்கியபோது, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாத்தனாரை டிரம்ஸுக்கும் நாத்தனார் புருஷனை பேஸ் கிடாருக்கும் பிடித்துப் போட்டாள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே தாளத்தில் போவதைப் பார்த்து மாமியாரே அசந்து போனார்.

அறுபதுகளின் முரட்டு ராக் இசை என்றால் அவளுக்கு உயிர். காரை வெளியே தள்ளிவிட்டு, ஷெட்டுக்குள் பழைய டேப் ரெக்கார்டரை வைத்து, வெட்டு ஒட்டு இல்லாமல் எட்டுப் பாட்டுப் பதிந்தார்கள். ஆல்பம் இணையத்தில் வெளியானது.

முதல் விமர்சனம் ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. "தாத்தா காலத்துச் சட்டையைத் துவைக்காமலே மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது. ஆறாவது பாட்டு எப்போது முடியும் என்று பாடுகிறவருக்கே தெரியவில்லை."

கேட்டவர்களும் சும்மா இருக்கவில்லை. "ஸ்பீக்கர் கிழிஞ்சுடுச்சோன்னு கழட்டிப் பார்த்தேன்" என்று எழுதினார் ஒருவர். "பாத்திரம் தேய்க்கும்போது போட்டேன், பாத்திரமே பயந்துபோய் பளபளன்னு ஆயிடுச்சு" என்றார் இன்னொருவர். அது பாராட்டா கேலியா என்று வீட்டில் பட்டிமன்றமே நடந்தது.

நாத்தனார் அழுது மூக்கைச் சிந்தினாள். "மானம் போச்சு அண்ணி. ஸ்டுடியோக்காரர் ஒருத்தர் இரைச்சலை எல்லாம் எடுத்துத் தரேங்கிறார். குடுத்துடலாம்."

"இரைச்சலை எடுத்துட்டா அதுல என்ன மிஞ்சும்? நாம வேணும்னுதானே அப்படிப் பதிஞ்சோம்."

"அப்போ பத்திரிகைக்காரர் சொன்னது எல்லாமே தப்பா?"

"முழுசா கேட்டுட்டுச் சொல்றேன்."

மறுநாள் வேலை செய்துகொண்டே ஆல்பத்தை முதலிலிருந்து கேட்டாள். குரல் தகரமாகத்தான் ஒலித்தது. அவளுக்கு அதுதான் பிடித்திருந்தது. பழைய சட்டை என்பதிலும் அவளுக்கு வெட்கமில்லை. ஆறாவது பாட்டின் நடுவில்தான் கொட்டாவி வந்தது. வந்த வேகத்தில் கோரைப்பல் ஒன்றைக் கோணலாகப் பதித்துவிட்டாள். தன் பாட்டுக்குத் தானே கொட்டாவி விட்டதை நினைக்க முகம் சுருங்கியது.

மாலையில் நாத்தனாரிடம் சொன்னாள். "அந்த ஆள் சொன்னதுல ஒண்ணு நிஜம். ஆறாவது பாட்டுல என் கிடார் ஜவ்வு மாதிரி இழுக்குது. அடுத்த மாசம் மேடை ஏறும்போது அதைப் பாதியா வெட்டிடறோம். மத்ததுல கை வைக்கப் போறதில்லை."

நாத்தனார் அரைமனதோடு குச்சிகளை எடுத்தாள்.

ஒரு சின்ன அரங்கில் மேடையேறினார்கள். பாதி நாற்காலி காலி. இரண்டாவது பாட்டிலேயே சிலர் எழுந்து போனார்கள். அவர்கள் முதுகைப் பார்த்தபடியே அவள் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள். வெட்டிய ஆறாவது பாட்டு சட்டென்று முடிந்தபோது, மிச்சமிருந்தவர்கள் திகைத்து உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஆடுவதற்கு இடம் பண்ணி நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, "இன்னொரு தடவை" என்று கேட்டார்கள். அண்ணியின் முகத்தைப் பார்க்காமலே நாத்தனார் தாளத்தைத் தொடங்கிவிட்டாள்.

ஆல்பம் ஒன்றும் ஓகோவென்று ஓடிவிடவில்லை. அந்த விமர்சகரும் அவர்களைப் பற்றி மறுபடி எழுதவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் புதுப் பாட்டு ஒன்றோடு ஷெட்டுக்கு வந்து நாலு வரி பாடிக் காட்டினாள்.

"இது ஆல்பத்தைவிடச் சத்தமா இருக்கும்போல இருக்கே" என்றார் நாத்தனார் புருஷன்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு, அவள் சுருதி சேர்க்க உட்கார்ந்தாள்.