கலந்து பிறந்த ஈக்கள்

அக்கா கல்லூரியில் படிக்கிறாள் என்பது எங்கள் வீட்டில் பெருமை. என்ன படிக்கிறாள் என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை. பொங்கல் விடுமுறைக்குக் கொல்லிமலைக்கு வந்தவள், பழ ஈக்கள் அடைத்த சீசாக்களோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். "ஊட்டுல இருக்கற ஈ பத்தாதுன்னு இது வேறயா?" என்றாள் அம்மா. விடுமுறைக்குள் குட்டி ஈக்களை எண்ணி முடிக்காவிட்டால் மார்க் கிடையாது என்றாள் அக்கா.

எட்டு வயதுக்காரியான எனக்கு வேறொரு கவலை. அக்கா அம்மாவைப் போல வெளுப்பு, படிந்த முடி. அண்ணன் அப்பாவைப் போலக் கறுப்பு, சுருட்டை முடி. நான் மட்டும் அப்பாவின் கறுப்பும் அம்மாவின் முடியுமாக இருந்தேன். என்னை மலையடிவாரத்துக் காரவள்ளியில் தவிட்டுக்கு வாங்கியதாக அண்ணன் சொல்வான். எல்லாரும் சிரிப்பார்கள். நான் அதை முழுக்க நம்பியிருந்தேன்.

அக்கா ஈக்களை மருந்து காட்டி மயக்கி, வெள்ளைத் தட்டில் கொட்டி, தூரிகையால் பிரித்தாள். தாய் ஈக்குச் சாம்பல் உடல், நீண்ட சிறகு. தகப்பன் ஈக்குக் கறுப்பு உடல், சுருங்கிய சிறகு. பிள்ளைகளில் பெரும்பாலானவை தாயையோ தகப்பனையோ அப்படியே உரித்து வைத்திருந்தன. கொஞ்சம் மட்டும் கறுப்பு உடலுக்கு நீண்ட சிறகு, சாம்பல் உடலுக்குச் சுருங்கிய சிறகு என்று கலந்து வந்திருந்தன. நான் என் கறுத்த கையையும் படிந்த முடியையும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"இதுங்கள என்னக்கா பண்ணுவ?"

"இதுங்கதான் கண்ணு முக்கியம். கொணமெல்லாம் ஒரே இழையில, பஸ்ஸுல ஆளுங்க மாதிரி வரிசையா உக்காந்திருக்கும். ஒட்டி உக்காந்ததுங்க சேந்தே எறங்கும். தள்ளி உக்காந்ததுங்க பிரிஞ்சு போயிரும். எத்தன பிரிஞ்சிருக்குதுன்னு எண்ணுனா, எவ்வளவு தூரம்னு வரைபடமே போட்டுறலாம்."

ஈக்கு நடுவில் பஸ் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. அவள் போட்ட வரைபடத்தில் காரவள்ளியும் இல்லை, மலைமேல் இருக்கும் வாசலூர்பட்டியும் இல்லை. ஒரு கோடும் இரண்டு புள்ளிகளும்தான் இருந்தன. ஆனாலும் முக்கியம் என்று அவள் சொன்னதில் மனம் குளிர்ந்து போயிருந்தது. எண்ணி முடித்ததும் அவள் எல்லா ஈக்களையும், கலந்தவற்றையும் சேர்த்தே, எண்ணெய்க் கிண்ணத்தில் தட்டினாள். அத்தனையும் மூழ்கிப் போயின.

மறுநாள் காலை தலைக்குத் தேய்த்துவிட எண்ணெய்க் கிண்ணத்தோடு அக்கா கூப்பிட்டாள். நான் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டேன். அம்மா குனிந்து பார்த்து, "வா சாமி, என்னாச்சு?" என்றாள். தவிட்டுக்கு வாங்கின பிள்ளையைப் போய் இவ்வளவு ஆசையாகக் கூப்பிடுகிறாளே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தத் தட்டில் கிடந்த அத்தனை ஈக்களுக்கும், கலந்து பிறந்தவற்றுக்கும்கூட, அதே தாய் தகப்பன்தான் என்பது எனக்கு உறைக்கவேயில்லை.