பூட்டில்லாத கத்தி

போன வாரம் என் மகன் கைபேசியைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். திரையில் இரண்டு மடக்குக் கத்திகள். அவனுக்குப் பார்சல் கம்பெனியில் வேலை. நாள் முழுக்க அட்டைப் பெட்டி பிரிக்க வேண்டும். சட்டைப்பையில் அடங்குகிற மாதிரி ஒன்று வாங்கப் போகிறானாம். ஒன்று கறுப்பு, விரித்தவுடன் டக்கென்று பூட்டிக்கொள்ளும். மற்றது மெல்லியது, பேனா மாதிரி, பார்க்க லட்சணம். பூட்டு கிடையாது.

“எதுப்பா வாங்கலாம்?”

“பூட்டு இல்லாதத வாங்கு.”

“அது ஆபத்துப்பா. அழுத்துனா மடங்கிக்கும். விரல் போயிடும்.”

“விரல்தானடா போவும்,” என்றேன்.

பையன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டான். அப்பாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பான். அவனிடம் சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் அது அவன் பெரியப்பாவின் கதை. உங்களிடம் சொல்லலாம்.

நனைந்த தேங்காய்நார்க் கயிற்றின் வாசனை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. பாதி அழுகல், பாதி மண், கொஞ்சம் கருவாடு மாதிரி. எனக்கு வாலிபம் என்றால் அந்த வாசனைதான். காரைக்கால் பக்கம் குரும்பகரத்தில் எங்களுடையது பந்தல்காரர் வீடு. எட்டாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது, நானும் அதைக் கைவிட்டேன். மறுநாளே மூங்கில்மேல் ஏற்றிவிட்டார்கள். மேலே ஒரு கையால் மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மறு கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டு, மிச்சக் கயிற்றை அறுக்க வேண்டும். அரிவாளை மேலே கொண்டுபோனால் கீழே நிற்பவன் தலையில் விழும். விழுந்தும் இருக்கிறது. அதனால் மடியில் மடக்குக் கத்தி இல்லாமல் பந்தல்காரன் வீட்டுப்படி இறங்க மாட்டான். எங்களிடம் இருந்ததெல்லாம் சந்தைக் கத்தி. ஒரு மழைக்குத் துரு ஏறும், இரண்டாம் மழைக்கு ரம்பமாகிவிடும்.

அந்தக் கயிற்றாலேயே அப்பா அண்ணனைத் தூணில் கட்டி வைத்து அடித்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஒருவன் பல்லை அண்ணன் உடைத்துவிட்டார் என்று புகார். கயிறு பட்ட இடமெல்லாம் தோல் வழண்டு, ஈ மொய்த்தது. சாயங்காலம் கட்டு அவிழ்த்ததும் அண்ணன் நேரே போய் அந்தப் பையனின் இன்னொரு பல்லையும் உடைத்துவிட்டு வந்தார். அம்மா அதற்குமேல் அவரைத் திட்டவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் ஒரு விளக்கை மட்டும் கூடுதலாக ஏற்ற ஆரம்பித்தார். “இவன் கையால ஒரு உசுரு போயிரக் கூடாது சாமி” என்பதுதான் அவர் வேண்டுதல். சத்தமாகவே வேண்டுவார். பக்கத்தில் நிற்கிற எனக்கு வெட்கமாக இருக்கும்.

அண்ணனுக்கு ஒரே சிநேகிதர் எங்கள் அத்தை மகன் மாரிமுத்து. கடப்பாரையால் பந்தல் குழி தோண்டுவது அவர் வேலை. இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். மாரிமுத்துவுக்கு எங்கள் அக்காவைக் கட்டும் முறை. சின்ன வயசிலிருந்தே அக்கா அவருக்குத்தான் என்று வீட்டில் பேச்சு. அவர் வந்தால் அக்கா உள்ளே போய்விடும். ஆனால் காபி மட்டும் அவருக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரையோடு வெளியே வரும்.

அந்த நேரத்தில்தான் பிரான்சு மாப்பிள்ளைக்கு அக்காவைப் பெண் கேட்டு வந்தார்கள். காரைக்கால்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ளவருக்குப் பெண் கொடுத்தால் குடும்பமே கரையேறிவிடும் என்று ஊரே நம்பிய காலம். மாப்பிள்ளை அப்பா காலத்திலிருந்தே சொல்தா வீடு, அதாவது சிப்பாய்க் குடும்பம்; அவரும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. நல்ல மனுஷர், அதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா இரண்டாம் பேச்சுப் பேசவில்லை. அக்காவை யாரும் கேட்கவும் இல்லை.

கல்யாணப் பந்தலுக்கு மாரிமுத்துவே வந்து குழி தோண்டினார். ஒவ்வொரு குழியும் இடுப்பளவு போயிற்று. பந்தல் காலுக்கு இவ்வளவு ஆழம் எதற்கு என்று கேட்க எங்களில் ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை.

முதல் விடுமுறைக்கு அக்காவும் மாப்பிள்ளையும் வந்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் கத்தி வாங்கிவந்தார்கள். கத்திக்கு அங்கே ‘கூத்தோ’ என்று பேராம். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மாப்பிள்ளை கத்தியை நீட்டிக்கொண்டே, எதாவது ஒரு காசு கொடுங்கள், சும்மா கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்று அந்த ஊரில் சொல்வார்கள் என்றார். அம்மாவோ, கையில் கொடுத்தால்தான் உறவு அறும், கீழே வையுங்கள் மாப்பிள்ளை என்றார். கடைசியில் கத்தியும் தரையில், காசும் தரையில், பார்க்க ஏதோ பரிகாரம் மாதிரி இருந்தது.

ஒன்று மரப்பிடி. கழுத்தில் ஓர் இரும்பு வளையம்; கத்தியை விரித்து வளையத்தைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். பார்க்கக் கறிக்கடைக்காரன் பிள்ளை வைத்திருக்கிற மாதிரி இருக்கும். மற்றது கொம்புப் பிடி, வழவழவென்று, ஓரத்தில் வெள்ளிப் பூண். கூடவே பாட்டில் தக்கையைத் திருகி எடுக்க ஒரு சுருள் கம்பி. பூட்டு கிடையாது. எங்கள் வீட்டில் திருகி எடுக்கிற பாட்டில் எதுவும் இருந்ததில்லை, கோயிலுக்குப் போகிற பன்னீர் பாட்டிலைத் தவிர. ஆனாலும் அண்ணன் கொம்புக் கத்தியைத்தான் எடுத்தார். எனக்கு மரப்பிடி. வேலைக்கு அதுதான் நல்லது, கயிற்றில் அழுத்தினாலும் மடங்காது என்று மாப்பிள்ளை என் காதில் சொன்னார். எனக்கு அழுகைதான் வந்தது. பூணுக்கு ஆசைப்பட்டவன் நானும்தான்.

அந்த மரப்பிடிக்கு ஒரு கெட்ட குணம். நம் ஊர் மழை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஐப்பசி பிறந்ததும் மரம் ஊறிக் கத்தியைக் கவ்விக்கொண்டது. நகம் பெயர்ந்தாலும் விரியாது. அடுப்படியில் காய வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்குள் பந்தலே முடிந்திருக்கும்.

அந்த ஐப்பசியில் பூவத்தில் ஒரு கல்யாண வீடு. தமிழ்நாட்டு எல்லை ஊர். நம் பக்கம் குடி மலிவு என்று அந்தப் பக்கத்து ஆட்களும் வருவார்கள். சாராயக்கடை வாசலில் யாராவது ஒருவன் உடைந்த மூக்கோடு உட்கார்ந்திருப்பான். போகிறவர்கள் மாட்டைச் சுற்றிப் போகிற மாதிரி அவனைச் சுற்றிப் போவார்கள். ஒரு தடவை பாட்டிலால் தலை பிளந்த ஆள் எங்கள் கீற்றுக் கட்டின்மேல் வந்து விழுந்தான். ரத்தம் பட்ட கீற்றை அப்பா திருப்பிப் போட்டு வேய்ந்தார்.

கல்யாணம் முடிந்த மறுநாள் மத்தியானம், தூறலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அப்பா வரவில்லை, அவருக்குக் காய்ச்சல். மாரிமுத்து சாராயக்கடைக்குப் போய்விட்டு வந்தார். அண்ணன் கயிறு அறுத்து முடித்து, கத்தியை மடக்கி மடியில் செருகுகிற நேரம்.

“அது என்னா மாப்ள கத்தி?” என்றார் மாரிமுத்து. பார்க்காத கத்தியல்ல.

“கூத்தோ,” என்று அண்ணன் சிரித்தார்.

“நல்ல வெலைதான். ஒரு பொண்ணுக்கு ரெண்டு கத்தி.”

அண்ணன் திரும்பினார். “என்னா சொன்ன?”

“பாஸ்போர்ட்டுக்குப் பொண்ண வித்த குடும்பந்தானடா. அதுவும் கெழவனுக்கு.”

அண்ணன் கையில் கிடைத்தது பிரித்துப் போட்ட மூங்கில். ஓங்கி வீசியதில் மாரிமுத்துவின் காது கிழிந்து தொங்கியது. கழுத்து வழியாக ரத்தம் இறங்கிச் சட்டையில் பரவியது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை, கடப்பாரையை எடுத்தார். மண்டைக்கு வந்த அடியை அண்ணன் இடது கையால் தடுத்தார். காய்ந்த மூங்கில் முறிகிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அதே சத்தம் அண்ணன் கையிலிருந்து வந்தது. சேற்றில் விழுந்தார். மாரிமுத்து அவர் விலாவில் காலால் எற்றினார், மறுபடி எற்றினார். கல்யாண வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நான் ஓடிப்போய் அண்ணனைத் தூக்கக் குனிந்தேன். என் மடியிலிருந்த மரப்பிடிக் கத்தி அவர் கண் முன்னால் இருந்தது. பிடுங்கினார். அது பூட்டிக்கொள்கிற கத்தி என்று அவருக்குத் தெரியும். அந்தக் கோபத்திலும் தெரிந்துதான் எடுத்தார். பல்லால் கடித்து இழுத்தார். விரியவில்லை. பல்லிலிருந்து ரத்தம் வந்ததே தவிரக் கத்தி வரவில்லை. மழை அதை அப்படிக் கவ்வியிருந்தது. வீசி எறிந்துவிட்டுத் தன் கொம்புக் கத்தியை எடுத்தார், பல்லாலேயே விரித்தார், எழுந்த வேகத்தில் மாரிமுத்துவின் வயிற்றில் குத்தினார்.

குத்தியது குத்தியதுதான், அதில் சந்தேகம் இல்லை. கொல்லத்தான் குத்தினார். மாரிமுத்து லுங்கிமேல் அகலமான தோல் பெல்ட் கட்டியிருந்தார். முனை அதில் பட்டு நின்றது, கை நிற்கவில்லை. பூட்டில்லாத கத்தி அண்ணன் விரல்கள்மேலேயே மடங்கியது. பிடியைச் சுற்றியிருந்த விரல்களின் முதுகில் எலும்பு வரை இறங்கியது. நான் வெள்ளையாக எதையோ பார்த்தேன். அப்புறம் சிவப்பு எல்லாவற்றையும் மூடிவிட்டது.

அண்ணன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மாரிமுத்து தன் வயிற்றைத் தடவினார். ஒன்றும் இல்லை, தோல் கீறல்கூட இல்லை. பிறகு அண்ணன் கையைப் பார்த்தார். கடப்பாரை அவர் பிடியிலிருந்து தானாக விழுந்தது.

“மாப்ள, கைய மேல தூக்கு,” என்றார். “தூக்குடா மேல.”

தன் துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். முடிச்சு பந்தல் முடிச்சு. கீற்று ஏற்ற நின்ற டெம்போவில் தூக்கிப் போட்டுக்கொண்டு காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி நெடுக அண்ணன் கை மாரிமுத்துவின் தோள்மேல், மேலே தூக்கியபடியே இருந்தது. இருவரும் அழுதார்கள். நான் அழவில்லை. பிள்ளையாரப்பா பிள்ளையாரப்பா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு மந்திரம் அப்போது எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் விசாரித்தார். விரல் எப்படி அறுந்தது என்றார். கயிறு அறுக்கும்போது கத்தி மடங்கிவிட்டது என்றார் மாரிமுத்து. கை எப்படி முறிந்தது? மேலேயிருந்து விழுந்துவிட்டார். உன் காது?

“நானும் வுழுந்துட்டேங்க.”

“ஏன்யா, எல்லாரும் ஒண்ணாவா வுழுந்தீங்க?”

“பந்தலே வுழுந்துருச்சுங்க,” என்றார் மாரிமுத்து.

அக்காவுக்கும் பந்தல் விழுந்தது என்றுதான் சொன்னோம். நம்பியதா, தெரியாது. அடுத்த தடவை வந்தபோது அண்ணனுக்கும் மாரிமுத்துவுக்கும் ஒரே மாதிரி கம்பளிச் சட்டை வாங்கிவந்தது. காரைக்கால் வெயிலில் கம்பளி. இரண்டு பேரும் அன்று முழுக்கப் போட்டுக்கொண்டு வியர்வையில் நனைந்து நின்றார்கள்.

பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மரப்பிடி விரிந்திருந்தால் பெல்ட்டை மீறி உள்ளே போயிருக்கும். மாரிமுத்து அந்தச் சேற்றிலேயே முடிந்திருப்பார். அண்ணன் ஜெயிலுக்குப் போயிருப்பார். அம்மா ஏற்றிய விளக்கில் ஒன்றுகூட வீண் போகவில்லை என்று நான் நம்புகிறேன். படித்தவர்கள் ஈர மரம், தோல் பெல்ட் என்று காரணம் சொல்லலாம். சொல்லட்டும். அந்த மழையைப் பெய்வித்தது யார்?

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, நடந்ததைக் கேட்ட அம்மா இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் சோறு போட்டார். அண்ணனுக்கு இரண்டு கையும் கட்டு. மாரிமுத்துதான் ஊட்டினார். மன்னிப்பு என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எலும்பு கூடிவிட்டது. வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மட்டும் கடைசிவரை நிமிரவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. பிரதோஷத்துக்குச் சிவன் கோயிலில் குருக்கள் விபூதி கொடுக்கும்போது அண்ணனால் கையைக் குழிக்க முடியாது. மடங்கிய விரல் இடுக்கில் விபூதி வழியும். பக்கத்தில் நிற்கிற மாரிமுத்து தன் கையை அண்ணன் கைக்குக் கீழே ஏந்துவார். சிந்துவதைப் பிடித்து, அதையே தன் நெற்றியில் பூசிக்கொள்வார். தனியாகத் தனக்கென்று அவர் விபூதி வாங்கி நான் பார்த்ததில்லை.

இப்போது பந்தலுக்கு இரும்புக் குழாய், நட்டு, போல்ட். கயிறும் இல்லை, அந்த வாசனையும் இல்லை. போன தையில் அண்ணன் போய்விட்டார். மாரிமுத்து பிரதோஷத்துக்கு இன்னும் வருகிறார், கம்பை ஊன்றிக்கொண்டு. குருக்கள் அவர் கையிலேயே விபூதி போடுகிறார். கீழே எதுவும் சிந்துவதில்லை.